கூடல் மாநகரும் கூடியுண்ணலும்

இத்திங்கள் நாம் எழுதப் புகுந்த பொருள் உண்டிச்சாலையின் வரலாறு. கோவில் வரலாறும் புலவர் வரலாறும் வெளிவருதற்குரிய இவ்விதழில் ஹோட்டலின் வரலாறு எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். ஒரு நாட்டு மக்கள் எத்தெய்வத்தை வணங்கினர் என்பதைக் கோவில்கள் காட்டும். யாரோடு ஒருங்கிருந்து உண்டனர், யாரை வாயிலில் நிறுத்தினர் என்பதை உண்டிச்சாலைகள் காட்டும். இவ்விரண்டையும் அறிந்தாலன்றி அம்மக்களின் வரலாறு முற்றுப்பெறாது. ஆதலின் இப்பொருளும் நம்மவர் ஆராய்தற்கு உரியதே.

உண்டிச்சாலை இல்லாத ஊர் இக்காலத்து இல்லை. எனினும் நாம் மதுரையை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இரண்டு. சங்கப் பாட்டுக்களின் காலந்தொட்டு இற்றைநாள்வரை அயலூரார் வந்து தங்கி உண்ட செய்தியை வரன்முறையே அறிதற்கு வாய்த்த நகரங்களுள் அது தலையாயது, இஃது ஒன்று. நம் சங்கத்தின் சத்திரமும் அந்நகரத்தில் இருத்தல் மற்றொன்று. பின்னதைப்பற்றி இறுதியிற் கூறுவோம்.

மீனாட்சியம்மன் திருக்கோவிலைச் சூழ்ந்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றனைச் சூழ ஒன்றாய்ச் சதுரம் சதுரமாக வீதிகள் அமைந்திருத்தலை அன்பர்கள் அறிவர். மேற்கேயுள்ள புகைவண்டி நிலையத்திலிருந்து கோவிலை நோக்கி டவுன்ஹால் ரோடு வருகிறது. யாத்திரிகரும், வாணிகரும், வடநாட்டாரும், கடல்கடந்த நாட்டினரும் இரவுபகல் என்னாது இவ்வீதிகளில் திரிவர். இங்கே இட்டலி, பொங்கல், கறிதோசை, பரோட்டா, ஜிகர்தண்டா என்று நாவிற்கினியன பலவும் விற்கும் கடைகளுக்கு அளவில்லை. அக்கடைகளில் நுழைவோனை எவரும் 'நீர் எக்குலத்தீர்?' என்று வினவுவதில்லை. காலியான நாற்காலியில் அமர்கிறான். எதிரே அமர்ந்திருப்பவன் இன்னான் என அறியான். உண்டு, விலை கொடுத்து, எழுந்து போகிறான். நம் பிள்ளைகள் இதனை இயல்பென்றே கருதுகின்றனர். இவ்வியல்பு எவ்வாறு எய்தியது என்பதே நாம் கூறப்போவது.

பாட்டிற் கண்ட மதுரை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பாடியது. 782 அடிகளையுடைய அப்பாட்டு மதுரையின் ஒருநாள் வாழ்வை நம் கண்முன் நிறுத்தும். பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் அங்கே நிகழ்ந்தன. பலாச்சுளையும், பலவகை மாங்கனியும், காயும் கீரையும், பாகினாற் செய்த இனிய பண்டமும், ஊன் கலந்த சோறும், கிழங்கும் ஆகிய இவற்றை ஆங்காங்கே மக்கள் நுகர்ந்தமையை அப்புலவர் எடுத்துரைக்கின்றார். நள்ளிரவு நெருங்கியபொழுது தேனடை போன்ற மெல்லிய அடைகளும் மோதகமும் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு அமர்ந்தவாறே உறங்கிய காட்சியும் அதன்கண் உண்டு. மதுரையைத் தூங்காநகரம் என்று இக்காலத்தார் வழங்குவது புதிதன்று எனலாம்.

இனிச் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். மதுரைப் புறஞ்சேரிக்கு வந்த கோவலனும் கண்ணகியும் மாதரி என்னும் ஆய்முதுமகளிடம் அடைக்கலமாகின்றனர். அவர் நோன்புடையார் ஆதலின், ஆயர் சமைத்த உணவை இடாது, கண்ணகி தானே அடுதற்கு வேண்டும் புதுக்கலங்களையும் அரிசி காய் முதலியவற்றையும் மாதரி உதவுகின்றாள். கண்ணகி சமைக்க, கோவலன் வாழைக்குருத்தில் உண்கின்றான். வந்த விருந்தினன் தன் நோன்பிற்கேற்பத் தானே சமைத்துண்ணும் வழக்கம் அக்காலத்தும் இருந்தமை இதனாற் புலப்படும். ஆயினும் அவ்வேற்றுமை விருந்தினர் தாமே விரும்பி மேற்கொண்ட விரதத்தைப் பற்றியது. உணவு கேட்டு வந்தாரைப் பிறப்பு நோக்கி விலக்கியது அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கலாகாது.

பிறப்பு நோக்கி விலக்கியமைக்கும் நம் காப்பியத்திலேயே சான்றுண்டு. மணிமேகலை கூறும் ஆபுத்திரன் வரலாற்றைக் காண்க. வேள்விக்கென்று கட்டிய பசுவை விடுவித்தமையால் அவன் பழிக்கப்பட்டான், அவன் பிறப்பும் இகழப்பட்டது, ஊரினின்று துரத்தப்பட்டான். பிச்சைக்குச் சென்ற இடத்தும் அவன் கலத்திற் கல்லையே இட்டனர். அவன் மதுரைக்கு வந்து சிந்தாதேவியின் கோவில் முன்றிலில் தங்கி, மாடவீதிகளில் இரந்த சோற்றைக் கொணர்ந்து, குருடரும், செவிடரும், முடவரும், ஆதரவற்றோரும், நோயுற்றோரும் ஆகிய எல்லாரையும் அழைத்து ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, ஓடே தலையணையாகத் துயின்றான். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியை அளித்தது அம்முன்றிலிலேயேயாம். தன் கலத்திற் கல்லிடப்பெற்றவன் பிறர் கலத்திற் சோறிட்டான் என்னும் இச்செய்தி மதுரை உண்டிச்சாலை வரலாற்றிற்கு முகவுரையாகத் தக்கது. உ. வே. சாமிநாதையரவர்கள் மணிமேகலையை 1898-ஆம் ஆண்டிற் பதிப்பித்தார்கள். அச்சில் வந்த அந்நூலைத் தமிழர் பாராட்டிப் படித்த அக்காலத்திலேயே, தமிழ்நாட்டு நகரங்களில் உண்பார்க்கு இடம் வகுத்துப் பிரித்த கடைகளும் பெருகலாயின. அதனை மேலே காண்போம்.

சத்திரங்கள்

16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இந்நகர வீதிகள் திருத்தி அமைக்கப்பட்டன என்பர். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் மாசித் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றியமைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அறுவடை முடிந்த காலத்தில் நிகழும் பெருவிழாவிற்குச் சுற்றுப்புறத்துக் குடியானவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து குவிந்தனர். பெரும்பாலோர் கட்டுச்சோறு கொணர்ந்தனர். அல்லது ஆற்றங்கரையிற் கல்லடுக்கிச் சமைத்தனர். 1689 முதல் 1706 வரை அரசு நடாத்திய இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த புகழுடையவர். புகைவண்டி நிலையத்தின் எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரத்தை மதுரைக்குச் சென்றோர் யாவரும் கண்டிருப்பர்.

சத்திரம் சிறந்த தருமம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்தருமத்திலும் வரிசை உண்டாயிற்று. பல அறக்கட்டளைகள் அந்தணர்க்குச் சமைத்த உணவு படைத்தற்கென்றே எழுதப்பட்டன. ஏனையோர்க்குச் சில இடங்களில் வேறு பந்தி. சில இடங்களில் அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்துத் தாமே பொங்கிக்கொள்ளுமாறு விடுத்தல். இன்னும் சிலர்க்குத் திண்ணையும் இல்லை. கொடுப்பவன் தன் மனம்போற் கொடுத்தான். பெறுபவன் கேட்டற்கு உரிமையில்லை. இலவசமாய் உண்பவன் இடத்தைக் குறித்து வாதாட முடியுமோ?

இக்காரணத்தினாலேயே, வாணிகத்தால் மேன்மையுற்ற குலத்தார் பலரும் 19-ஆம் நூற்றாண்டில் தத்தம் மகமைப் பணத்தைக் கொண்டு யாத்திரைத் தலங்களில் தமக்கெனச் சத்திரங்களும் மடங்களும் கட்டலாயினர். பிறர் திண்ணையில் இடம் கிடைக்கவில்லை. சொந்தத் திண்ணை கட்டினர். நம் முன்னோரும் அவ்வாறே செய்தனர். அதனை நாம் பெருமையோடு நினைக்கின்றோம். நினைக்குங்கால் அதன் காரணத்தையும் உடன் நினைத்தல் வேண்டும்.

புகைவண்டியும் காப்பிக்கடையும்

மதுரையின் பழைய கோட்டைமதில் 1840-ஆம் ஆண்டையொட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, அவ்விடத்தில் வெளிவீதிகள் தோன்றின. 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கும், அடுத்த ஆண்டில் தூத்துக்குடிக்கும் இருப்புப்பாதை வந்தது. இவ்விரண்டு மாறுதல்களும் நகரத்தின் ஊண்முறையையே மாற்றின எனலாம்.

முன்னர் மதுரைக்கு வருவோன் பலநாட் பயணம் செய்து, பாண்டமும் அரிசியும் உடன்கொண்டு, தன்னினத்தாரோடு கூட்டமாய் வந்தான். புகைவண்டியில் வருவோன் தனியனாய், கைப்பையோடு, காலையில் வந்து மாலையில் திரும்பினான். கோர்ட்டில் வழக்குடையவனும், பருத்தி விற்க வந்தவனும், பரீட்சை எழுத வந்த மாணாக்கனும் கல்லடுக்கிச் சோறு பொங்க இயலுமோ? விலைக்கு வாங்கி உடனே உண்ணத்தக்க உணவு அவனுக்கு வேண்டியதாயிற்று. இத்தேவையினின்றே ஹோட்டலும், காப்பி கிளப்பும், சிற்றுண்டிச்சாலையும் பிறந்தன. காப்பியை நஞ்சென்றும் கள்ளினும் கொடிதென்றும் பழித்தோர் பலர். அப்பழிப்பு அச்சில் நின்றது. காப்பி வீட்டினுள் நுழைந்தது.

விலைக்குச் சோறு விற்றல் இழிவென்று கருதிய நாட்டில், யார் சமைத்தால் யார் உண்ணலாம் என்னும் கட்டுப்பாடு கடுமையாய் இருந்த காலத்தில், இக்கடைகளைப் பெரும்பாலும் அந்தணரே நடத்தினர். இதன் காரணம் எளிது. அந்தணர் சமைத்ததை எக்குலத்தவரும் உண்பர். பிறர் சமைத்ததை அந்தணர் உண்ணார். ஆகவே அந்தணர் அடுப்பிற்கு ஊர் முழுதும் வாடிக்கை. கடைப்பலகையில் 'பிராமணாள்' என எழுதியது, சமைப்பவர் இன்னார் என்று அறிவித்து எல்லாரையும் அழைப்பதற்காகவே என்று கடைக்காரர் கூறினர். அது முழுதும் பொய்யன்று. ஆனால் அழைத்த பின்னர் எங்கே அமர்த்தினர்?

உள்ளறையும் வெளித்திண்ணையும்

உள்ளே ஓர் அறை, அது அந்தணர்க்கு. வெளியே ஒரு கூடம். அது ஏனைச் சாதியார்க்கு. ஒரே அடுப்பு, ஒரே சாம்பார், ஒரே விலை. இடம் மட்டும் வேறு. தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் இதுவே முறையாயிற்று. புகைவண்டி நிலையங்களின் உணவு விடுதிகளிலும் அவ்வாறே பிரித்தனர். ஒரே வண்டியில் தோளோடு தோள் உராய நின்று வந்தவர்கள், நிலையத்தில் இறங்கியதும் பிரிந்து அமர்ந்தனர்.

சத்திரத்தில் வாய்திறவாதவன் ஹோட்டலில் வாய்திறந்தான். அங்கே அவன் இரவலன் அல்லன், காசு கொடுத்தவன். கொடுத்த காசு ஒன்றாயின் அமரும் இடம் வேறாவது ஏன் என்று அவன் வினவினான். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த பெருங்கிளர்ச்சிகள் பலவற்றின் அடியில் இவ்வினா இருந்தது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடாத்திய குருகுலத்தில், அந்தணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளித்தமையைப் பற்றி 1924, 1925-ஆம் ஆண்டுகளில் எழுந்த வழக்கு காங்கிரஸையே பிளந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அவ்வேற்றுமையை எதிர்த்து நின்றனர். தேசத்தின் விடுதலைக்கு உழைப்பதற்கென்று அமைந்த ஒரு பள்ளி, இரண்டு சிறுவர் எங்கே அமர்ந்து உண்பது என்பதில் இடறியது. பந்தி சிறிய செய்தி என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் வரலாறு எழுதுவோர்க்கு அழகாகாது. உள்ளறையை நோக்கி மனம்புழுங்கிய நம்மனோர், தாம் அமர்ந்த வெளிக்கூடத்திற்கும் அப்பால் தெருவில் நின்றவனை நோக்கினாரல்லர். ஆதிதிராவிட மக்கள் அக்கூடத்திலும் அமரக்கூடாது. பல கடைகளில் வாயிற்படியும் மிதிக்கக்கூடாது. காசை எட்ட வைத்து, பண்டத்தை எட்ட நின்று வாங்குதல் வேண்டும். உள்ளறையில் இருப்பவர் நம்மை விலக்குவது அநீதி என்று முழங்கியவர், தெருவில் நிற்பவனை நாம் விலக்குவது வழக்கம் என்று அமைந்தனர். ஒன்றற்கு அநீதி என்றும் மற்றொன்றற்கு வழக்கம் என்றும் பெயர் கொடுத்தமையே அக்காலத்தின் பெருங்குறை. விதிவிலக்காக நின்ற பெரியோர் இல்லாமற் போகவில்லை, அவர் சிலரே.

சட்டம் நுழைந்த வழி

1938-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்தில், எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால், பொதுவிடங்களில் தாழ்த்தப்பட்டார்க்குள்ள தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு, 1939 ஜூலை 8-ஆம் நாள், மதுரை அ. வைத்தியநாத ஐயர் ஆதிதிராவிடர் ஐவரையும் நாடார் வகுப்பினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோவிலுட் புகுந்து வழிபட்டார். பின்னாளில் அமைச்சராய் விளங்கிய கக்கன் அவருடன் சென்றோருள் ஒருவர். அச்செயல் நாடெங்கும் பரவியது. அதனைக் காக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது.

கோவிற்கதவு திறந்தபின் ஹோட்டற்கதவு தானே திறந்திருக்கும் என்று அன்பர்கள் எண்ணலாம். அவ்வாறு நிகழவில்லை. புகைவண்டி நிலைய விடுதிகளில் உணவிடத்தைச் சாதி நோக்கிப் பிரித்தல், பல ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் 1941-இல்தான் ஒழிந்தது. தனியார் ஹோட்டல்களில் அதன் பின்னரும் நின்றது. இறைவன் சந்நிதியில் அருகே நிற்க ஒப்பியவர், இலையின் முன் அருகே அமர ஒப்பவில்லை.

1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் விதி, கடைகளிலும், பொது உணவுச்சாலைகளிலும், ஹோட்டல்களிலும் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்னும் காரணங்களால் எக்குடிமகனையும் தடுத்தலாகாது என்று விதித்தது. 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. அவ்விதிக்குக் கையும் காலும் தந்தது 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976-இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஹோட்டலுட் புகும் உரிமையோடு நிற்கவில்லை. ஹோட்டல், தருமசாலை, சத்திரம் முதலியவற்றிற் பொதுமக்களுக்கென வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் தனியே எடுத்துக் கூறியது. பாத்திரத்தைத் தனியே கூறியது ஏன்? உள்ளே விட்டுவிட்டு வேறு குவளை கொடுப்பார் உளர் என்பதைச் சட்டம் இயற்றியோர் நன்கறிந்திருந்தனர் போலும்.

கடைப்பலகைப் பெயரும் ஒரு வழக்காயிற்று. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு காப்பிக்கடையின் முன்னே, 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்குமாறு ஈ. வெ. ரா. வழிகாட்டத் தொண்டர்கள் மறியல் தொடங்கினர். நாடோறும் சிலர் சென்று சிறைப்பட்டனர். அடுத்த ஆண்டிற் பெயர் மாறியது. அதன்பின் அச்சொல் மெல்ல மெல்லத் தமிழ்நாட்டு வீதிகளினின்று மறைந்தது.

இலையும் குவளையும்

இவ்வரலாற்றில் இரண்டு பொருள்களை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒன்று இலை, மற்றொன்று குவளை. இலையில் உண்டவன் எழுந்ததும் அது எறியப்படும். மற்றொருவன் அதனைத் தொடான். குவளையோ கழுவப்பட்டு அடுத்தவன் கைக்குத் திரும்பி வரும். இலையால் விளையாத சண்டை குவளையால் விளைந்தமைக்குக் காரணம் இதுவே. நம் வீட்டு முதியோர் குவளையை உதட்டிற் படாது அண்ணாந்து குடித்தமையும் இவ்வெண்ணத்தினின்று எழுந்ததே. நகரத்து ஹோட்டல்களில் உள்ளறை ஒழிந்த பின்னரும், பல கிராமங்களின் தேநீர்க்கடைகளில் ஒரு சாரார்க்குத் தனிக்குவளை வைக்கும் கொடுமை நெடுங்காலம் நீடித்ததை ஆராய்ச்சியாளர் பலர் எழுதியுள்ளனர். கிராமத்திற் கடைக்காரன் ஒவ்வொருவரையும் குடும்பத்தோடு அறிவான். பெருநகர வீதியில் ஒருவரையும் அறியான். அறியாமையும் ஓரிடத்தில் நன்மை பயந்தது!

இதனைக்கொண்டு வாணிகமே வேற்றுமையை ஒழித்தது என்று முடிவு கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கூறோம். வாணிகம் எல்லாரையும் ஒரு வாயிலுக்கு அழைத்தது உண்மையே. ஆனால் உள்ளறை கட்டியதும் அவ்வாணிகமே. வாடிக்கைக்காரரின் விருப்பம் எதுவோ அதனைக் கடைக்காரன் விற்பான். வேற்றுமையை விரும்பினோர்க்கு அதனையும் விற்றான். அவ்விற்பனையை நிறுத்தியது, வினவிய மக்களும், சிறை சென்ற தொண்டரும், சட்டமுமே.

வடக்கம்பட்டியார் வழி

வாணிகத்தால் விளைந்த நன்மைக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருதல் முறையாகும். திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி என்னும் சிற்றூரார், தம் ஊர்த்தெய்வமாகிய முனியாண்டியின் பெயரால் ஊன் உணவு ஹோட்டல்கள் தொடங்கினர். முனியாண்டி விலாஸ் என்னும் பலகை இற்றைநாளில் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றிலும், பிற மாநிலங்களிலும் காணப்படும். தொடங்கியோர் நாயுடு, ரெட்டியார் குலத்தார். உற்றாரும் ஊராரும் ஒருவரை ஒருவர் தாங்கி, வேலை கற்பித்து, கடை வைக்க உதவினர். ஆண்டுதோறும் அவர்கள் ஊர் திரும்பி விழா எடுத்து, ஆட்டிறைச்சிப் பிரியாணி சமைத்து, முனியாண்டிக்குப் படைத்து, வந்தார் யாவர்க்கும் பிரசாதமாக வழங்குகின்றனர். அயலூரார் பாத்திரத்தோடு வந்து நின்று வாங்கிச் செல்வது அங்கே வழக்கம்.

குலத்தின் ஒற்றுமையால் ஒரு தொழில் வளரலாம். அத்தொழிலின் இலையோ உலகத்தார்க்கெல்லாம் போடப்படலாம். ஒருவரை ஒருவர் தாங்குதற்குக் குலம் உதவுக. பிறரை விலக்குதற்கு அது வேண்டா. சங்கம் நடாத்தும் நமக்கு வடக்கம்பட்டியார் காட்டும் பாடம் இது.

பள்ளியிற் கூடியுண்ணல்

நாம் ஆசிரியத் தொழிலில் இருப்பதால் பள்ளியுணவைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் கடன். 1956-இற் காமராஜர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவு தொடங்கியது. 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததும் மதுரையிலேயே. ஆபுத்திரன் ஊட்டிய நகரத்தில் இது தொடங்கியது பொருத்தமே. ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே வகைத் தட்டில் உண்ணும் பிள்ளைகளை நாம் நாடோறும் காண்கின்றோம். அவர்கட்கு அடுத்திருப்பவன் தட்டில் முட்டை பெரிதோ சிறிதோ என்னும் கவலையன்றி வேறு கவலை இல்லை. கவலை பெரியவர்களால் வருகிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சார்ந்த அம்மையார் ஒருவர் சமைத்தலைப் பெற்றோர் சிலர் எதிர்த்தமையைச் செய்தித்தாள்களிற் படித்தோம். உடனிருந்து உண்ண ஒப்பினும், சமைக்கும் கையை வினவும் பழைய நோய் முற்றும் நீங்கவில்லை என்பது இதனால் அறியப்படும்.

நம் சத்திரம்

நிற்க. மதுரையில் நம் சங்கத்திற்குரிய சத்திரத்தைப் பற்றி முதலிற் குறித்தோம். பிறர் திண்ணையில் இடம் மறுக்கப்பட்டமையால் நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என மகமை சேர்த்துக் கட்டியது அது. வெயிலிலும் மழையிலும் வாயிலில் நின்ற நினைவு அவர்களை அப்பணிக்கு ஏவியது. அறைகள் நம்மவர்க்கு உரியனவாக இருத்தலைப் பற்றி நாம் இங்கு வாதிடவில்லை. அறைகள் சில, வருவோர் பலர். ஆனால் ஆண்டுதோறும் நிகழும் குருபூசை அன்னதானத்தில் நம்மவர்க்கு உட்கூடத்திற் பந்தியும், பிறர்க்கு அது முடிந்தபின் வாயிலிற் பொட்டலமும் என்னும் முறை இன்றும் இருந்து வருகிறது. இதனை எவரும் தீய எண்ணத்தாற் செய்யவில்லை; பழக்கத்தாற் செய்கின்றனர். உள்ளறை வைத்திருந்த ஹோட்டற்காரரும் அவ்விடையையே கூறியிருப்பர்.

தமிழ்நாட்டுத் திருக்கோவில்களில் ஆகஸ்டு 15-ஆம் நாளிலும், அண்ணாத்துரையவர்களின் நினைவு நாளாகிய பிப்ரவரி 3-ஆம் நாளிலும் அரசு சார்பிற் பொதுவிருந்து நடைபெறுகிறது. கலெக்டரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரு வரிசையில் அமரலாம். கோவிலில் ஆவது சத்திரத்தில் ஆகாதோ? டவுன்ஹால் ரோட்டில் முன்பின் அறியாதாரோடு ஒரு மேசையில் அமர்ந்து இட்டலி உண்ணும் நாம், நம் சத்திரத்துட் புகுந்ததும் வேறு மனிதராவது என்ன முறை?

ஆதலின் நாம் சங்கத்தின் பேரவைக்கு மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் விடுக்கின்றோம். வருகின்ற குருபூசைமுதல் உட்கூடத்துப் பந்தி எல்லார்க்கும் பொதுவாகுக. வந்த வரிசையே அமரும் வரிசையாகுக. சமையலுக்கும் பரிமாறுதற்கும் ஆளமர்த்துங்கால் குலம் வினவாது கைத்திறனும் தூய்மையுமே வினவுக. எச்சிலிலை எடுத்தலை ஒரு வகுப்பார்க்கே விடாது, சங்கத்து இளைஞர் முறைவைத்துச் செய்க. முதல் முறையை எடுத்துக்கொள்ள நாம் இசைகின்றோம்.

இதனாற் சத்திரத்தின் மரபு கெடும் என்று முதியோர் சிலர் வருந்தலாம். அவர்கள் மீது நமக்குள்ள மதிப்புச் சிறிதும் குறையாமலே ஒன்று கூறுவோம். நம் சத்திரத்தின் மரபு யாது? வாயிலில் நிறுத்தப்பட்டவனுக்கு ஓர் இடம் அமைத்தலே அதன் மரபு. அதற்கெனவே அது கட்டப்பட்டது. அம்மரபைக் காத்தல் நம் கையில் உள்ளது. பேரவையார் இதனைச் சீர்தூக்கி, அடுத்த கூட்டத்தில் ஆவன செய்வார்களாக.